268,000 ஓடிய காரா, 112,000 காட்டுகிற காரா?

கேள்வி: அண்ணா, நான் புதுக்குடியிருப்பில் ஆசிரியராக இருக்கிறேன். அம்மாவை மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், பிள்ளைகளும் இரண்டு பேர், அதனால் பழைய கார் ஒன்று வாங்க நினைக்கிறேன். கையில் 36 இலட்சம் இருக்கிறது, லண்டனில் இருக்கிற தமையன் 8 இலட்சம் தருகிறேன் என்கிறார். நாலு ஏக்கர் வயலும் இருக்கிறது. இரண்டு கார் பார்த்தேன், இரண்டும் 2004ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா 121, ஓட்டோ கியர். ஒன்று வவுனியாவில் ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் நிற்கிறது, மீற்றர் 268,000 கிலோமீற்றர், 46 இலட்சம் கேட்கிறார். மற்றது ஒரு கார் சேலில் நிற்கிறது, 112,000 தான், விலை 51 இலட்சம். இரண்டாவதை எடுங்கள், குறைகிற 7 இலட்சத்துக்கு லீசிங் போடலாம், மாதம் 21,500 படி நாலு வருடம் கட்டினால் சரி என்று தரகர் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்:

தம்பி, முதலில் அந்த 112,000ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 22 வருடத்துக்கு 112,000 என்றால் வருடத்துக்கு 5,000 சொச்சம், ஒரு நாளைக்கு 14 கிலோமீற்றர். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்கு ஒரு வழி போவதற்கே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். அப்படி ஓடாமல் வீட்டில் நின்ற கார் இருக்கவே இருக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் அப்படி நின்றது என்பதைக் காட்ட அவர்களிடம் என்ன இருக்கிறது? ஐயாவின் காரோ வருடத்துக்கு 12,000 கிலோமீற்றர், நாளைக்கு 33. ஒரு மனிதன் வேலைக்குப் போய் வந்து, கோயில் குளம், கலியாண வீடு என்று ஓடிய கணக்கு அது. எனக்கு இந்தப் பெரிய இலக்கத்தில்தான் நம்பிக்கை வருகிறது.

மீற்றரைத் திருப்புவது இன்றைக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் மீற்றரைத் திருப்புகிறவர்கள் பிரேக் பெடலின் ரப்பரையும், ஸ்டியரிங்கின் தேய்வையும், ட்ரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கியிருப்பதையும் திருப்பமாட்டார்கள். பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்து மீற்றர் மட்டும் ஒரு இலட்சம் காட்டினால் அந்தக் கார் பொய் சொல்கிறது. 22 வருடக் காரில் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கவேண்டும். ஓயில் மாற்றுகிற இடத்தில் கதவுக்குள் ஒட்டுகிற ஸ்டிக்கர், பழைய சேர்விஸ் பில், இதிலெல்லாம் அன்றைய கிலோமீற்றர் எழுதியிருக்கும். ஐயாவிடம் அந்தப் பில்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். திகதிப்படி அடுக்கிப் பார்த்தால் இலக்கம் படிப்படியாக ஏறவேண்டும், நடுவில் இறங்கக்கூடாது. ஓயில் மட்டுமில்லை, கியர் ஓயில் எப்போது மாற்றினார், வோட்டர் பம்ப், சொக் அப்சோபர் எப்போது போட்டார் என்பதும் அந்தப் பில்களில்தான் தெரியும். 268,000 ஓடி இதெல்லாம் மாற்றப்பட்ட காருக்கும், 180,000 ஓடி ஒன்றுமே மாற்றாத காருக்கும் நடுவில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இந்த மாடலின் 1500 சிசி பெற்றோல் எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஒழுங்காக ஓயில் மாற்றியிருந்தால் மூன்று இலட்சம் தாண்டியும் ஓடும், மாற்றாமல் விட்டால் ஓயில் சேறாகி செயின் தளர்ந்து சத்தம் போடும். அதனால்தான் பில்லைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பார்க்கப் போவதென்றால் காலையில் போங்கள், நான் வருமுன் ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் போனட்டில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்த்துப் பிரயோசனமில்லை, இன்னொரு நாள் போகலாம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். சாவியை ஓன் பண்ணும்போது எஞ்சின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனபிறகு அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கும், அல்லது யாரோ கழற்றியிருப்பார்கள். ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி கலகலவென்று செயின் சத்தம் வருகிறதா, பின்னால் புகை என்ன நிறம் என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஓயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வரும், அது பரவாயில்லை, எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஓயில் மூடியின் அடியில் பால் திரிந்தது மாதிரி இருந்தாலும் அதே சந்தேகம்தான், அப்படியென்றால் விலை பேசவே வேண்டாம்.

ரேடியேற்றர் மூடியையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். நம்முடைய பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வருடம் கொதிக்கவைத்த கேத்தலின் அடி எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டிலேயே தெரியும், கூலன்ற் விடாமல் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓடிய ரேடியேற்றரும் உள்ளே அப்படித்தான் இருக்கும். வன்னியிலேயே ஓடிய கார் என்றால் இதை நான் எஞ்சின் சத்தத்துக்கு அடுத்ததாகப் பார்ப்பேன். மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு ஓடாமல் இருபது நிமிடம் நிறுத்திவைத்து, சூட்டு முள் நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கியர். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு டீக்கும் ஆருக்கும் மாற்றுங்கள், டமாரென்று இடித்தாலோ, மாற்றி இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடித்தாலோ கியர்பொக்ஸ் களைத்துவிட்டது. அதன் ஓயில் சிவப்பாக இருக்கவேண்டும், கறுத்துக் கருகின மணம் வந்தால் விட்டுவிடுங்கள். ஏ9 பெருந்தெருவில் 70இல் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லாப் போகுது என்று வந்துவிடாதீர்கள், காபெற் ரோட்டில் எந்தக் காரும் நல்லாப் போகும். உள்ளே ஒரு கிரவல் ரோட்டுக்கு இறக்கி, ரேடியோவையும் ஏசியையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருபதில் ஓட்டினால் முன்னால் என்னென்ன தட்டுகிறது என்று கேட்கும். உங்கள் வீட்டு ஒழுங்கை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, மாரியில் பள்ளம் விழுகிற ஒழுங்கை என்றால் இந்த மாதிரிப் பதிந்த காருக்கு அடி தட்டும், அதையும் யோசியுங்கள்.

வெள்ளம். இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது. 2017இல் நான் வாங்கிய முதல் கார் பளபளவென்று இருந்தது, மீற்றரும் குறைவு, மூன்று மாதத்தில் ஒவ்வொரு லைட்டாக வேலை செய்யாமல் போக, கராஜில் காபெற்றைக் கிளப்பிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு, வயர் முனையெல்லாம் பச்சை பிடித்திருந்தது. அதற்கு முந்தின வருடம் கொழும்பில் களனி கங்கை பெருகியபோது எங்கோ தண்ணீரில் நின்ற கார். அதற்குப் பிறகு 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து நம்முடைய ஊர்களே தண்ணீரில் நின்றன, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நாடு முழுக்க வெள்ளம். அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயிருக்கும்? கழுவி, பெயின்ற் அடித்து விற்பனைக்குத்தான் வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியில் ஸ்பெயார் ரயரைத் தூக்கி அடியில் துருவும் மண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் நீங்கள் பார்த்தபிறகு, உங்களுக்குத் தெரிந்த, தரகருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கம்பிரஷன் செக் பண்ணச் சொல்லுங்கள், எஞ்சினுக்குள் அமுக்கம் சரியாக இருக்கிறதா என்று அதில் தெரியும். அவருக்குக் கொடுக்கிற கூலியை வீண் செலவு என்று நினைக்கவேண்டாம்.

காரின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் காரில் இருப்பதோடு ஒத்துப்போகவேண்டும், லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் கிடந்தால் கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். ஓபன் பேப்பரில், அதாவது புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றாமல், வாங்கவே வேண்டாம்.

சரி, காசுக்கு வருவோம். மாதம் 21,500 என்பதை 48ஆல் பெருக்குங்கள், 10 இலட்சத்து 32 ஆயிரம் வரும். அதாவது 51 இலட்சக் கார் உங்களுக்கு 54 இலட்சத்து 32 ஆயிரத்துக்கு வந்து சேரும், அதுவும் வாங்குகிற அன்றைக்குக் கையில் ஒரு ரூபாய் மிச்சமில்லாமல். அடுத்த மாதமே கியர்பொக்ஸ் போனால் ஓடாத காருக்குத் தவணை கட்டுவீர்கள். ஏ9 திறந்த பிறகு தவணைக்கு எடுத்த டிரக்டரையும் ஆட்டோவையும் பறிகொடுத்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2009க்குப் பிறகு வெறும் கையோடு திரும்பி வந்து சேர்த்த காசு நம்முடையது. அதனால்தான் இந்த லீசிங் வேண்டாம் என்கிறேன்.

22 வருடக் காருக்கு இந்த விலை ஏன் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்தும் வரி மிக அதிகம். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை ஏறியது, நோய் அப்படியே இருக்கிறது.

ஆகவே ஐயாவின் காரைப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் 43 இலட்சத்தில் பேசத் தொடங்குங்கள், 44க்கு மேல் போகவேண்டாம், 268,000 என்ற இலக்கத்தைக் கண்டு மற்றவர்கள் பயப்படுவது உங்களுக்கு விலை பேச நல்ல சாட்டு. ஆனால் 44ஐக் கொடுத்தால் கையில் ஒன்றுமில்லை, இந்த வயதுக் காருக்கு குறைந்தது 4 இலட்சம் திருத்த வேலைக்கென்று தனி வங்கிப் புத்தகத்தில் கிடக்கவேண்டும். அதற்கு உங்கள் நாலு ஏக்கர் இருக்கிறது. காலபோக வெட்டு முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும் வரை பொறுக்க ஐயா சம்மதித்தால் அதுதான் நல்லது. அவசரமென்றால் இப்போதே வாங்கிவிட்டு, அதற்கிடையில் பெரிய செலவு வந்தால் வங்கியில் நகை அடகு வைத்து, நெல் விற்றவுடன் மீட்டுக்கொள்ளுங்கள். பொறுப்பதென்றால், நெல்லுக் காசு வரும் வரை அம்மாவின் கிளினிக்குக்கு மாதம் ஒரு வான் ஹயர் பிடிக்கிற காசு, 48 மாதத் தவணைக்குக் கிட்டவும் வராது.

பார்க்கப் போகிற அன்றைக்கு அட்வான்ஸ் காசை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மெக்கானிக் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், பில்களின் படமும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.