ஒரே வயலில் இரண்டு கூலி ஏன்?

“திருகோணமலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இலேயே ஏற்றுக்கொண்டது. அரச அலுவலகங்களில் ஒரே தரத்துக்கு ஒரே சம்பளம்தான். சிக்கல் அதற்கு வெளியே.

தம்பலகாமத்து வயலைப் பாருங்கள். களை பிடுங்குவது பெண்கள், மூட்டை தூக்குவது ஆண்கள். தூக்குவதற்குக் கூலி அதிகம். நாள் முழுக்கக் குனிந்து நிற்பதற்குக் குறைவு. இடுப்பு வலிக்கு யார் விலை போடுகிறார்கள்? வேலையையே இரண்டாகப் பிரித்துவிட்டால், எதை எதனோடு ஒப்பிட்டு வழக்காடுவது?

நிலாவெளி விடுதிகளில் கதை வேறு. அங்கே அடிப்படைச் சம்பளம் ஒன்றாகவே இருந்தாலும், மேலதிக நேரக் கொடுப்பனவு கணக்கை மாற்றிவிடுகிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு அது எங்கிருந்து வரும்? வீட்டில் அடுப்பும் அவளுக்காகவே காத்திருக்கிறது.

2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கத் தரவுகளில் கண்டதும் இதற்கு நெருக்கமானதுதான்: முதல் பிள்ளை பிறந்த பிறகே இடைவெளி பெரிதாகிறது. நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. தனியார் துறையில் 84 நாள் பிரசவ விடுமுறைச் சம்பளம் முழுவதும் முதலாளியின் பையிலிருந்தே போகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே, புதிதாக மணமான பெண்ணின் விண்ணப்பம் சத்தமில்லாமல் அடியில் போய்விடுகிறது.