தாடி முதலில் நனையட்டும்

வாசகர் கேள்வி, சலூன் கடைக்காரர் பதில்

(பாளையங்கோட்டையில் அப்பாவிடம் தொழில் பழகினேன். கல்யாணத்துக்குப் பிறகு ராமநாதபுரத்தில் கடை போட்டு 31 வருடம் ஆகிறது. இந்த இதழுக்கு வந்தவற்றில் சவர எண்ணெய், பிரஷ் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

கேள்வி: ‘ப்ரீ ஷேவ் ஆயில்’ என்று சின்ன பாட்டிலை 400 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா, வீட்டில் உள்ள தேங்காய் எண்ணெய் போதுமா? (வாசகர், கோத்தகிரி)

தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் அதை எப்போது போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நிறையப் பேர் தூங்கி எழுந்த காய்ந்த முகத்தில் எண்ணெயைத் தடவி, அதன் மேலேயே சோப்பைப் போடுகிறார்கள். தாடி முடியை மிருதுவாக்குவது தண்ணீர்தான். முடி தண்ணீரைக் குடித்து உப்பினால் பிளேடு அழுத்தாமலே வெட்டும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அப்பா வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டார் என்றால், ரேடியோவில் ஒரு பாட்டு முழுதாக முடியும் வரை எடுக்க மாட்டார். வெளியே நாலு பேர் காத்திருந்தாலும் சரி.

அப்படி நனைந்த பிறகு, ஈரம் துடைக்காமல், உள்ளங்கையில் நாலைந்து சொட்டு எண்ணெய் எடுத்துத் தேய்த்து முகத்தில் தடவுங்கள். பிளேடு தோலில் வழுக்கிப் போவதற்கும் குடித்த ஈரம் சீக்கிரம் காயாமல் இருப்பதற்கும்தான் எண்ணெய். அதிகமானால் சோப்பு நுரைக்காது, பிளேடு இடுக்கிலும் அடைக்கும். நான் மூன்று பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்து வைத்திருக்கிறேன். விளக்கெண்ணெயின் வழவழப்பு தனி. கோத்தகிரிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துதான் இருக்கும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டிவிடும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்தி வையுங்கள்.

முகப்பரு உள்ள பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும். அவர்கள் வெந்நீரோடும் நல்ல நுரையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: பிரஷ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. முடி விளக்குமாறு மாதிரி விறைத்துவிட்டது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, முடியும் உதிர்கிறது. மட்டமான பிரஷ்ஷா? (வாசகர், பரமக்குடி)

பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் ஊர் போர் தண்ணீரைப் பாருங்கள். இந்தக் கேள்விக்காகவே நான் பேனாவை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் தாமிரபரணித் தண்ணீர். பிரஷ்ஷை நாலு சுற்றுச் சுற்றினால் கிண்ணம் நிறைய நுரை பொங்கும். அதே சோப்பு, அதே பிரஷ்ஷோடு ராமநாதபுரம் வந்தேன். முதல் வாரமே நுரை எழும்பவில்லை, முகத்தில் போட்டால் உடனே காய்ந்தது. மூன்று மாதத்தில் பிரஷ் நீங்கள் சொன்ன மாதிரியே ஆனது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறுகின்றன. அது முடிகளின் அடிப்பகுதியில் போய் உட்காரும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. புளிப்புக்குத்தான் போகும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விடுங்கள். வினிகர் இல்லாவிட்டால் அரை மூடி எலுமிச்சை. முடிப்பகுதி மட்டும் முங்கும்படி பத்து நிமிடம் வைத்து, விரலால் அடிவரை கோதி அலசுங்கள். பிறகு ஒரு துளி ஷாம்பு போட்டு இன்னொரு முறை. பரமக்குடிக்கு மாதம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். நுரை போடுவதற்கு மட்டும் ஒரு டம்ளர் குடிநீரை எடுத்து வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினையே வராது. நான் மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைக் கேனில் பிடித்து வைப்பேன். அந்த நாட்களில் கடையில் நுரையைப் பார்த்தால் எனக்குப் பாளையங்கோட்டை ஞாபகம் வரும்.

உதிர்வதற்கு வருவோம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறீர்களா? முடிக்கட்டு கைப்பிடிக்குள் பசையில்தான் நிற்கிறது. கடை தொடங்கிய வருடம், சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். ஒரு நாள் நுரை போட்டுக்கொண்டிருக்கும்போதே முடிக்கட்டு முழுசாகக் கழன்று ஒரு பெரியவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் மனசு சரியில்லை. கை பொறுக்கும் சூடு போதும். மரக் கைப்பிடியானால் தண்ணீரில் ஊறவே விடாதீர்கள், வெடித்துவிடும்.

அப்புறம், முகத்தில் பிரஷ்ஷைக் குத்தி அழுத்துவதும் முடியை முறிக்கும். நுனிதான் வேலை செய்ய வேண்டும். முடிந்ததும் உதறி, துண்டில் இரண்டு இழுப்பு இழுத்து, காற்று படும் இடத்தில் வையுங்கள். நிமிர்த்தி வைத்தாலும் தொங்கவிட்டாலும் சரி, ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள். பூஞ்சை பிடித்து நாறும்.

கேள்வி: பிரஷ்ஷில் பன்றி முடி இருக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது கூடாது. எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், கீழக்கரை)

உண்மைதான், பன்றி முடிப் பிரஷ்கள் நிறைய உண்டு. விலை உயர்ந்தவற்றில் பேட்ஜர் என்ற விலங்கின் முடி இருக்கும். உங்களுக்கு நைலான் போன்ற செயற்கை இழைப் பிரஷ்தான் சரி. உறையில் ‘சிந்தெடிக்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கையில் இருக்கும் பிரஷ்ஷில் சந்தேகம் என்றால், உதிர்ந்த ஒரு முடியை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். விலங்கு முடி கருகிப் பொடியாகும், தலைமுடி தீய்ந்த வாடை வரும். செயற்கை இழை உருகி நுனியில் குண்டுமணி மாதிரி உருளும். செயற்கையில் இன்னொரு லாபம், சீக்கிரம் காய்ந்துவிடும். என் கடையில் இப்போது எல்லாமே அதுதான்.

கேள்வி: அப்பாவும் நானும் ஒரே பிரஷ்ஷைப் பயன்படுத்தலாமா? (கல்லூரி மாணவர், தேவகோட்டை)

வேண்டாம் தம்பி. ஒருவர் தாடியில் படையோ சீழ்க்கட்டியோ இருந்தால் இன்னொருவருக்கு ஒட்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடிப் பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் வந்து ஆட்கள் இறந்தே போயிருக்கிறார்கள். இன்றைய பிரஷ்ஷுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று வாங்கு. கைப்பிடி வேறு வேறு நிறமாக இருந்தால் மாறாது.