கார் கண்ணாடியில் உப்புக்கறை: சில கேள்விகள், சில பதில்கள்

கே: காரைக் கழுவிய பிறகும் கண்ணாடியில் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. ஷாம்பூ போட்டும் போகவில்லையே?

ப: அது அழுக்கு இல்லை, உப்பு. தண்ணீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. ஷாம்பூவுக்கு அவை அசையாது, அமிலம் வேண்டும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கறைமேல் ஒட்டிவிடுங்கள். வெறுமனே தெளித்தால் வழிந்து ஓடிவிடும். பத்து நிமிடம் ஊறட்டும், காய்ந்துவிடக் கூடாது. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்து, வினிகர் பட்ட பெயிண்ட், ரப்பர் எல்லாம் சேர்த்து நன்றாக அலசிவிடுங்கள். நிழலில், கண்ணாடி சூடாக இல்லாதபோது செய்யுங்கள்.

இதோடு சமையல் சோடாவையும் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. நுரை பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சோடா அமிலத்தை முறித்துவிடும், மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். ப்ளீச்சை மட்டும் வினிகரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கே: வினிகரைப் பலமுறை போட்டுப் பார்த்தாயிற்று. கறை அப்படியே இருக்கிறது.

ப: நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் படிவு இன்னும் மேலேதான் இருக்கிறது. சிலிக்கா கலந்த படிவு வினிகருக்குக் கரையாது. சோப்புத் தண்ணீர் தடவி கிளே பாரால் (ஒட்டிய படிவை இழுத்தெடுக்கும், களிமண் போன்ற கட்டி) தேயுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 0000 ரக ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) ஈரத்தோடு, லேசாகத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டாம், கீறல் விழும்.

வழுவழுப்பாக இருந்தும் கறை தெரிகிறதா? அப்படியானால் பெரும்பாலும் கண்ணாடியே அரிபட்டிருக்கும். சீரியம் ஆக்சைடு பாலிஷ் போட்டு மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பதுதான் வழி. பொறுமை வேண்டும், கண்ணாடி ஈரமாகவே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் மெஷினை அழுத்தினால் சூடேறி விரிசல் விடலாம். முன்கண்ணாடியில் ஓட்டுநரின் பார்வை படும் பகுதியில் நீங்களாகச் செய்யாதீர்கள். மேடுபள்ளமாகத் தேய்ந்தால் சாலையே நெளிந்து தெரியும்.

கே: நொடியில் கறை போகும் என்று ஒரு ஆசிட் பாட்டில் விற்கிறார்கள். வாங்கலாமா?

ப: லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருந்தால் வேண்டாம். அவை கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் உள்ளே இறங்கவும் கூடும். கறை வேகமாகத்தான் போகும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கறைக்காக எடுக்க வேண்டிய ஆபத்தா இது?

கே: உள்பக்கம் சன் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. அங்கேயும் இதே முறையா?

ப: கிளே பார், ஸ்டீல் வுல், பிளேடு, அமோனியா கலந்த கிளீனர் எதுவும் கூடாது. ஈரத்துணி போதும். பின்கண்ணாடியின் டிஃபாகர் கோடுகளையும் (கண்ணாடியைச் சூடாக்கி மூட்டத்தைப் போக்கும் மெல்லிய கோடுகள்) சுரண்டாதீர்கள்.

கே: மழைநீர் வழிந்தோடும் கோட்டிங் போட்டேன். இப்போது கறை அதிகமானது போல் இருக்கிறது!

ப: இருக்கலாம். கோட்டிங் போட்ட கண்ணாடியில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். வண்டி ஓடினால் காற்றில் உருண்டு போய்விடும். வெயிலில் நின்றால் ஒவ்வொரு துளியும் தன் உப்பை ஒரே இடத்தில் விட்டுவிட்டுக் காயும். கோட்டிங் இருக்கட்டும். கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்கள்.