வருமானமே இல்லாத இசைத் தளம் ராயல்டி கட்ட வேண்டுமா?

"என் தளத்தில் லாபம் பார்க்கவில்லை, பாட்டில் 30 விநாடிதான் போடுகிறேன், அதற்கும் கட்டணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 30 விநாடி என்று ஒரு சலுகையே கிடையாது. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று அதன் 52ஆம் பிரிவு சொல்கிறது. விநாடிக் கணக்கு அதில் இல்லை. வரிக்கு வரி அலசி எழுதிவிட்டு அந்த வரியை மட்டும் ஒலிக்கவிட்டால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. வெறுமனே பாட்டைப் போட்டுவைத்தால் இல்லை.

ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் உண்டு: ஒலிப்பதிவு ஒன்று, வரியும் மெட்டும் இன்னொன்று. 1962இல் வெளியான இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டு. 2022 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடலை எழுதியவர் கண்ணதாசன் என்றால், அவர் மறைந்தது 1981. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு என்பது கணக்கு; ஆகவே வரிகளுக்கான உரிமை 2041 முடியும்வரை உயிரோடு இருக்கும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

வரி, மெட்டுக்கான உரிமத்தை ஐபிஆர்எஸ் (கவிஞர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் ராயல்டி வசூலிக்கும் சங்கம்) அமைப்பிடம் கேளுங்கள். ஒலிப்பதிவுக்குப் பெரும்பாலும் அதை வெளியிட்ட இசைக் கம்பெனியிடமே பேச வேண்டும். உரிமையாளரிடம் தனியே பேசாமல், நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பாட்டை ஒலிபரப்ப வானொலிக்கு வழிவிடும் 31டி பிரிவின் சட்ட உரிமம் இணைய ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

செலவில்லாத வழி, கம்பெனியே யூடியூபில் ஏற்றிய பாடலை அப்படியே எம்பெட் செய்வது, அதாவது யூடியூப் பிளேயரையே உங்கள் பக்கத்தில் பொருத்துவது. எம்பி3 கோப்பை உங்கள் சர்வரில் வைக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. நீங்கள் கட்டும் தொகையில் அவர்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.