மைல் மீட்டரை கிலோமீட்டருக்கு மாற்றுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் காக்கா (அண்ணன்) லண்டனில் வேலை பார்த்துவிட்டு இந்த வருடம் ஊருக்கே திரும்பி வருகிறார். அங்கே ஓட்டிக்கொண்டிருக்கும் காரையும் கப்பலில் போட்டுக் கொண்டுவர ஆசைப்படுகிறார். காருக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. ஆனால் மீட்டரில் எல்லாம் மைல் கணக்கு. இங்கே வந்த பிறகு ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கொடுத்து கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாமா? மாற்றாமல் அப்படியே ஓட்டினால்தான் என்ன?
– வாசகர், கீழக்கரை

பதில்: "வந்த பிறகு" என்ற பேச்சே வேண்டாம், அங்கேயே முடித்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர அரசு போட்டிருக்கும் நிபந்தனைகளில் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கிலோமீட்டரில் காட்ட வேண்டும் என்பதும் ஒன்று. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், ஹெட்லைட் இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, இறக்குவதும் மும்பை துறைமுகம் வழியாகத்தான். லண்டன் கார் என்பதால் ஸ்டியரிங்கும் ஹெட்லைட்டும் தானாகவே பொருந்திவிடும், சிக்கல் மீட்டரில்தான். கார் மும்பையில் கஸ்டம்ஸ் பிடியில் நிற்கும்போது மீட்டர் மாற்ற ஆள் தேடி அலைவதைவிட, காக்கா தன் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து இதைச் செய்வது எவ்வளவோ மேல்.

அப்படியே ஓட்டினால் என்ன என்கிறீர்கள். நான்குவழி இல்லாத சாதாரண சாலைகளில் காருக்கு அதிகபட்சம் மணிக்கு 70 கிலோமீட்டர் என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. மைல் மீட்டரில் முள் 70-ல் நின்றால் வண்டி ஓடுவது கிட்டத்தட்ட 113 கிலோமீட்டர் வேகத்தில். ஊருக்குள் 40 என்று பலகை இருந்தால் உங்கள் முள் 25-ஐத் தாண்டக் கூடாது. காக்கா பழகிவிடுவார், சரி. வண்டியை ஒரு நாள் இரவல் வாங்கிப் போகும் மச்சான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டா ஓட்டுவார்?

மாற்றும் வேலை எவ்வளவு பெரியது என்பது மீட்டர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. முழுக்க திரையாக இருக்கும் மீட்டர் என்றால் பெரும்பாலும் கடைக்கே போக வேண்டாம், செட்டிங்ஸில் யூனிட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், ஸ்டியரிங்கில் உள்ள பட்டனிலோ நடுத்திரையிலோ போய் மாற்றிவிடலாம். ஆனால் தூரம், எரிபொருள், வெப்பநிலை, டயர் காற்று எல்லாம் பல கார்களில் தனித்தனி வரியாக இருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. சில கார்களில் இந்தப் பக்கமே பூட்டியிருக்கும், மெக்கானிக் வைத்திருக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டி நாட்டு அமைப்பை மாற்றினால்தான் திறக்கும். அதைச் செய்யும்போது பேட்டரிக்குச் சார்ஜர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பாதி வேலையில் வோல்டேஜ் இறங்கினால் மீட்டரே செத்துப்போக வாய்ப்புண்டு.

முள் வைத்த டயலில்தான் வம்பு. லண்டன் கார்களில் வெளி வட்டத்தில் மைல் பெரிதாகவும், உள்ளே கிலோமீட்டர் பொடியாகவும் அச்சடித்திருப்பார்கள். கஸ்டம்ஸில் இது போதுமா என்பதைக் கப்பல் ஏற்றும் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். டயல் முகத்தையே மாற்றுவது என்றால், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கிலோமீட்டர் ஸ்டிக்கரை ஒட்டிவிடாதீர்கள். முள்ளைத் திருப்பும் மோட்டாருக்கு நீங்கள் என்ன ஒட்டியிருக்கிறீர்கள் என்று தெரியாது, 62 மைல், அதாவது 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எவ்வளவு திரும்புமோ அவ்வளவுதான் திரும்பும். புது முகத்தில் 100 என்ற எண் மிகச் சரியாக அந்த இடத்தில் இருக்க வேண்டும். அதே மாடலின் கிலோமீட்டர் நாட்டு மீட்டரை முழுசாக வாங்கிப் போடலாம்தான். அப்போது ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் கணக்கும், திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டும் குழம்பும், கோடிங் தெரிந்தவர் கை இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். என்னைக் கேட்டால் திரையில் வேகத்தைப் பெரிய எண்ணில் கிலோமீட்டராகக் காட்ட வைத்துவிட்டு, டயலுக்கு அதே மாடலுக்கென்றே செய்த முகத்தை மட்டும் போடுவேன்.

இன்னொன்று. வேகம் மாறியதும் ஓடிய தூரமும் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சில கார்களில் 40,000 மைல் என்பது 64,374 கிலோமீட்டராகத் தானே மாறிவிடும், சிலவற்றில் அந்த எண் மட்டும் கடைசிவரை மைலிலேயே நிற்கும். நிற்கிறது என்றால் நிற்கட்டும், கை வைக்க வேண்டாம். சர்வீஸ் புத்தகத்திலும் பின்னால் விற்கும்போது எழுதும் தாளிலும் "மைல்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மீட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்ற பெயர் வந்து சேரும்.

வண்டி ஊருக்கு வந்ததும் சரிபார்க்க உச்சிப்புளி பக்கம் நெடுஞ்சாலையில் போங்கள், பாம்பன் பாலத்தில் வேண்டாம். அங்கே காற்றும் அதிகம், வேடிக்கை பார்க்க நிற்கிறவர்களும் அதிகம். சாலையோரக் கல்லில் பத்து கிலோமீட்டர் கடக்கும்போது ஓடோமீட்டர் 6.2 மட்டும் கூடியிருந்தால் அது இன்னும் மைலில்தான் ஓடுகிறது. அப்புறம் முள்ளை 60-ல் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரை போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 57, 58 என்று வந்தால் நல்லதுதான், ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்யப்படுகிறது. 60-க்கு மேல் வந்தால் டயல் தப்பு.

கேள்வி: துபாயில் அமெரிக்க கார் ஒன்று மலிவாக வாங்கினேன். ஃபாரன்ஹீட், கேலன் என்று காட்டுகிறது. கிலோமீட்டருக்கு மாற்றினால் பெட்ரோல் கணக்கு தலைகீழாக வருகிறது, வண்டி வேகமாக ஓட ஓட எண் கூடுகிறது. ஊருக்கும் கொண்டுவரலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: கொண்டுவருவது நடக்காது, ஸ்டியரிங் இடது பக்கம். அங்கேயே ஓட்டி அங்கேயே விற்றுவிடுங்கள். தலைகீழாக வருவது கோளாறு இல்லை. நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறோம், உங்கள் கார் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்கிறது. நூறை அந்த எண்ணால் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும், 8 என்று காட்டினால் லிட்டருக்கு 12.5. கேலனிலேயே விட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். செட்டிங்ஸில் இரண்டும் இருக்கும், தப்பானதைத் தொட்டால் அதே கார் திடீரென்று அதிக மைலேஜ் கொடுப்பதுபோலத் தெரியும். டயர் காற்றை மட்டும் பி.எஸ்.ஐ.யிலேயே விடுங்கள், நம் ஊர் பங்கிலும் அதுதான் பேச்சு.

கேள்வி: படகில் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸை என் மகன் கார் மாதிரி கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டான். அப்படியே விடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: தூரத்தைத் திரும்பக் கடல் மைலுக்கே வையுங்கள். கடல் மைல் 1,852 மீட்டர், தரை மைல் 1,609 மீட்டர். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், அவசரத்தில் மாற்றி அழுத்திவிடாதீர்கள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் ஆழம் பாகத்தில் (ஒரு பாகம் ஆறு அடி) இருக்கிறதா, மீட்டரா, அடியா என்று பார்த்து ஒன்றிலேயே நிறுத்துங்கள். நான்கு பாகம் என்றால் ஏழு மீட்டருக்கு மேல் தண்ணீர், நான்கு அடி என்றால் அடிப்பலகை தட்டும்.

மகன் யூனிட்டோடு இடக்குறிப்பு வடிவத்தையும் மாற்றியிருக்கிறானா என்று உடனே பாருங்கள், எனக்குப் பயம் அதில்தான். நோட்டில் 9 டிகிரி 17.50 நிமிடம் என்று எழுதி வைத்த இடத்தை, நொடி கேட்கும் வடிவத்தில் 17 நிமிடம் 50 நொடி என்று போட்டால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே போய்விடுவீர்கள். எல்லைக் கோடு பக்கத்திலேயே இருக்கும் கடலில் அந்த 600 மீட்டர் சின்னத் தூரம் இல்லை. நோட்டில் உள்ள ஒரு பழைய இடத்தைப் போட்டு, திரையில் சரியான இடத்தில் விழுகிறதா என்று கரையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.