மிளகில் இருக்கும் பிப்பரின் என்றால் என்ன? அது ஏன் தண்ணீரில் கரைவதில்லை?

மிளகைக் கடித்ததும் நாக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அந்தக் காரத்துக்குக் காரணமான பொருள்தான் பிப்பரின். இது ஓர் ஆல்கலாய்டு. அதாவது, செடி தானே உண்டாக்கிக்கொள்ளும், நைட்ரஜன் கொண்ட ஒரு சேர்மம். ஒரு மூலக்கூறில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். 1819இல் டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட் இதை மிளகிலிருந்து பிரித்தெடுத்தார். (மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று அடுத்த வருடம் அறிவித்தவரும் அவரேதான்.) சுத்தமான பிப்பரின் வெளிர் மஞ்சள் படிகம், சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும்.

சரி, தண்ணீரில் ஏன் கரையவில்லை? மூலக்கூறின் பெரும்பகுதி கார்பனும் ஹைட்ரஜனும்தான். தண்ணீருக்கும் அதற்கும் ஒட்டாது. காசிமேட்டில் படகுகளுக்கு நடுவே டீசல் வானவில் நிறத்தில் தனியாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் ஏறக்குறைய அதேதான். வீட்டிலேயே சோதிக்கலாம்: மிளகு ரசத்தின் தெளிவை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டால் காரம் மட்டு; அடிமண்டியைக் கலக்கிவிட்டால் தொண்டை எரியும். நெய்யிலும் எண்ணெயிலும் ஓரளவு நன்றாகக் கரையும்.

இன்னொன்று, வெளிச்சம் பட்டால் பிப்பரின் வடிவம் மாறிக் காரம் போய்விடும். வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் கண்ணாடி பாட்டிலில் இருந்த மிளகுத்தூள் வெறும் தூசு மாதிரி ஆனது. முழு மிளகாக வாங்கி, வேண்டும்போது பொடியுங்கள்.

மிளகாய்க் காரமும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். மிளகாயில் இருப்பது கேப்சைசின் என்ற வேறு பொருள், இரண்டும் நரம்பில் ஒரே உணர்வியைத் தூண்டுவதால்தான் எரிச்சல் ஒன்றுபோலத் தெரிகிறது.