ஜடையை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 29 வயது. சொந்த ஊர் திருமங்கலம், சி.எஸ்.ஐ. குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம் ஒத்தக்கடைப் பக்கம் வீட்டுக்காரரின் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். போன வருடம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது நகைகளைக் கழற்றினேன், தாலி உட்பட. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஜெபித்து எடுத்த முடிவு. அம்மாதான் "மூளிக் கழுத்தோடு வந்து நிற்கிறாயே" என்று அழுதார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஸ்கூட்டியில் போக வசதியாக ஜீன்ஸும் முழங்கால் வரைக்கும் குர்தியும் போடுவேன். போன மாதம் பாஸ்டர் அம்மா கூப்பிட்டு உபாகமம் 22:5-ஐக் காட்டி, "புருஷர் உடை நமக்கு வேண்டாம்மா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் கசந்தது. பத்துப் பவுனைக் கழற்றியபோது வராத கசப்பு, ஒரு ஜீன்ஸுக்கு ஏன் வருகிறது? என் விசுவாசம் அவ்வளவுதானா?

பெயர் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

பத்துப் பவுனைக் கழற்றியது நீ. ஜீன்ஸைக் கழற்றச் சொல்வது இன்னொருவர். கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான். இதற்காக உன் விசுவாசத்தைத் தராசில் போட்டுப் பார்க்காதே.

முதலில் அந்த வசனம். உபாகமம் 22-ஐ ஐந்தாம் வசனத்தோடு மூடிவிடாமல் கீழேயும் வாசி. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை என்கிறது. ஆட்டுமயிரும் நூலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்கிறது. மேலாடையின் நான்கு ஓரத்திலும் தொங்கல் வை என்கிறது. நம் சபைகளில் தொங்கல் வைத்த சட்டையை நான் இதுவரை பார்க்கவில்லை. அப்புறம், ஆண் உடை எது, பெண் உடை எது என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது. பஞ்சாபில் கால்சட்டை மாதிரியான சல்வார் காலங்காலமாகப் பெண்கள் உடுத்துவது. இங்கே நம் தாத்தாக்கள் இடுப்பில் சுற்றிய வேட்டியோடு ஆல்டரில் நின்று வேதம் வாசித்தார்கள். வெள்ளைக்காரப் பாதிரிக்கு அது பாவாடையாகத் தெரிந்திருக்கலாம். ஆணாகவோ பெண்ணாகவோ வேஷம் போட்டு ஏய்க்காதே என்பது அந்த வசனத்தின் சாரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பெண்களுக்கென்றே தைத்து, பெண்கள் பகுதியில் விற்கிற ஜீன்ஸில் என்ன வேஷம் இருக்கிறது?

நீ நகையைக் கழற்றக் காரணமான வசனத்துக்கு வருகிறேன். அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எபேசு பட்டணத்தில் இருந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது, முதலாம் நிருபம் 2:9. பெண்கள் எவற்றால் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்று நான்கைச் சொல்கிறார்: மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். வரிசையைப் பார்த்தாயா? பொன்னுக்கும் முன்னால் பின்னல் வருகிறது. ஆனால் நம்மில் யாராவது ஜடையை அவிழ்க்கச் சொன்னார்களா? உன் சபையில் பொட்டுத் தங்கம் இல்லாத அக்காமார் எல்லோரும் எண்ணெய் வைத்து வாரிப் பின்னல் போட்டுத்தான் வருகிறார்கள். மதுரையில் பின்னிய தலைதான் அடக்கம். விரித்துப் போட்டால் "என்ன தலைவிரி கோலம்?" என்று கிழவிகள் கேட்பார்கள். எபேசில் பின்னல் என்றால் வேறு: வசதியான வீட்டுப் பெண்கள் தலையைக் கோபுரம் மாதிரி அடுக்கி, இடையிடையே பொன்னைச் செருகிக்கொள்வார்கள். உட்கார்ந்து பின்னிவிட ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். அடிமைப் பெண்ணும் அதே சபையில்தான் இருந்தாள்.

ஆக, இந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் கைக்கொள்கிறோம் என்கிறவர்களும் பின்னல் விஷயத்தில் ஊர் வழக்கத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, அது சரியான வாசிப்பு. அதே வாசிப்பை ஜீன்ஸுக்கும் கொடுத்தால் என்ன?

நான்காவதாக வருகிற விலையேறப்பெற்ற வஸ்திரத்தை நாம் எல்லோருமே சத்தமில்லாமல் தாண்டிப் போகிறோம். பவுலுக்கு உறுத்தியது உடம்பு தெரிவதைவிடப் பணம் தெரிவது என்றுதான் அந்தப் பட்டியலைப் பார்த்தால் தோன்றுகிறது. யாக்கோபும் இரண்டாம் அதிகாரத்தில் அதையேதான் கண்டிக்கிறார்: பொன்மோதிரமும் மினுக்கான துணியும் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தைக்காரனுக்குக் காலடி.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது மதுரையில் ஒரு கோயிலில் பாட்டுக்குழுவில் இருந்தேன். அப்போதுதான் இங்கே பெண்கள் சுடிதார் போட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு ஞாயிறு நான் சுடிதாரில் போனேன். துப்பட்டா எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு பெரியவர் வாசலிலேயே நிறுத்தி, "வடக்கத்தி உடுப்பைப் போட்டுக்கொண்டு கர்த்தரைப் பாடுவியோ?" என்று திருப்பி அனுப்பினார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அம்மாவின் சுங்குடிச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து, கடைசிப் பாட்டுக்குச் சேர்ந்தேன். அன்று முதல் வரிசையில் கல்யாணம் முடிந்த ஒரு குடும்பம், காணிக்கை கொடுக்க வந்திருந்தது. பட்டும் ஆரமும் ஒட்டியாணமும். அவர்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. இன்றைக்கு அதே கோயிலில் சுடிதார்தான் அடக்கமான உடுப்பு. வாலிபப் பெண்களுக்கு அதைத்தான் போடச் சொல்கிறார்கள். சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆனால் அந்தச் சுடிதார்ச் சங்கதியைவிட என்னை இன்னும் விடாதது வேறொன்று. எங்கள் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த ஒரு அத்தை இருந்தார். வருடத்தில் ஒரு நாள், கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு மட்டும் வருவார். விடிவதற்குள் எழுந்து போய்விடுவார். பக்தி குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்த பிறகு அம்மா சொன்னார்: "இருட்டுல யாரு சேலைய யாரு பாக்கப் போறா, அதான் அந்த நேரத்துக்கு வருவா." இத்தனைக்கும் அம்மாவும் நானும் அவருக்கு முன்னால் புதுச்சேலை சரசரக்கத்தான் உட்கார்ந்திருந்தோம். யாருமே அவரைப் போகச் சொல்லவில்லை. எங்கள் துணி சொல்லிவிட்டது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறக்கும்போது அந்த அத்தை பக்கத்தில் உட்காருவதாக நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். என் விசுவாசம் என் உடுப்பில் கைவைப்பது அந்த ஒரு இடத்தில். கை நீளத்தையும் கழுத்து ஆழத்தையும் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை.

உடுப்புச் சண்டை மதுரைக்குப் புதிதும் இல்லை. 1606-ல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றவர், கறுப்பு அங்கியை விட்டுக் காவி கட்டினார். தோல் காலணியை விட்டுக் கட்டைப் பாதக்குறடு போட்டார். முதலில் எதிர்த்தவர் அவருடைய சொந்தச் சபைச் சாமியார்தான். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு ரோம் வரை போனது. மூடநம்பிக்கை கலக்காதவரை ஆகும் என்று 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். ஆனால் அந்தக் காவி மேல்சாதித் தெருக்களுக்குள் அவரைக் கூட்டிப்போனது, வேறு சில தெருக்களிலிருந்து விலக்கியும் வைத்தது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, அந்த வருத்தமும் உண்டு.

தாலியும் அப்படி ஒரு தீர்ப்பைக் கண்டதுதான். ரோமிலிருந்து வந்த போப்பாண்டவரின் தூதர் தூர்நோன் 1704-ல் புதுச்சேரியில் போட்ட ஆணையில், பிள்ளையார் உருவம் உள்ள தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் கட்டக் கூடாது, சிலுவை உள்ளதாக இருக்கலாம் என்றார். நம் சிலுவைத் தாலிக்குப் பின்னால் அத்தனை வழக்கு இருக்கிறது. உண்மையைச் சொன்னால், உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைக் கழற்றியிருக்க மாட்டேன். உன் அம்மாவின் கண்ணுக்கு வெறுங்கழுத்து தாலியறுத்த கழுத்து. இந்த ஊரில் அதற்கு அதுதான் அர்த்தம். உன் ஜெபத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒரு நாள் திருமங்கலம் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எதற்காகக் கழற்றினாய் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு வா. அவர்கள் நகைக்காக அழவில்லை.

இன்னொன்று. என் அப்பாவழிப் பூட்டி நாகர்கோவில் பக்கத்துப் பெண். அங்கே கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்ட நம் முன்னோர் பெண்கள் மார்பை மூடினால் அடி விழுந்த காலம் இருந்தது. மிஷனரிகளின் கோயில்களுக்கு வந்த பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட்டார்கள், தோள்சீலையும் போட்டார்கள். மேல்சாதிக்காரர்கள் அவர்கள் துணியை இழுத்துக் கிழித்தார்கள், கோயில்களைக் கொளுத்தினார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா ஆணை போட்டார். அப்போதும் முழு உரிமை இல்லை: சட்டை போடலாம், முரட்டுத்துணி போர்த்தலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் தோள்சீலை போடக் கூடாது. அந்தப் பெண்கள் துணியை ஏற்றியது கூச்சத்தால் மட்டும் என்று நான் நம்பவில்லை. எதை உடுத்துவது என்று ராஜாவும் ஜமீனும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகவும்தான். மூடிக்கொள்ள அடிபட்டவர்களின் பேத்திகளுக்கு "மூடு" என்று யாராவது கட்டளை போட்டால் உள்ளே ஏதோ கசக்கத்தான் செய்யும். உன் கசப்பில் பூட்டியின் பங்கும் கொஞ்சம் இருக்கலாம்.

பாஸ்டர் அம்மாவிடம் வம்புக்குப் போகாதே. அன்பாகச் சொன்னார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆராதனைக்குச் சேலையோ சுடிதாரோ கட்டிக்கொண்டு போ, அது அந்த வீட்டு மரியாதை. ஆஸ்பத்திரிக்கு எது வசதியோ அது. திரும்பக் கேட்டால், பின்னல் வசனத்தை மெதுவாக எடுத்துக் காட்டி, "இதை எப்படி அம்மா புரிந்துகொள்வது?" என்று கேள். உண்மையாகவே கேள், மடக்குவதற்காகக் கேட்காதே.

ஒருவேளை ஜெபித்துவிட்டுச் சுடிதாருக்கே மாறுவதாக இருந்தால், ஸ்கூட்டியில் ஏறுமுன் துப்பட்டாவின் இரண்டு முனையையும் பின்னால் இறுக்கி முடிந்துகொள். ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் பஸ்காரர்கள் உரசிக்கொண்டு போகிற சாலை அது. சக்கரத்தில் சிக்கினால் அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா